சின்ன பப்ளிக் போர்ட்: 5க்கு 3 ஸ்டார், மீதி 2 சேத்துல மாட்டிக்கிச்சு

மூணு வருஷமா ஒரு சின்ன பப்ளிக் போர்ட் வழியா மர லோடும் உர லோடும் இறக்கிட்டு இருக்கேன். பேர் சொல்லல, ஏன்னா அங்க எனக்கு இன்னும் வேலை இருக்கு.

கேட்ல இருந்தே ஆரம்பிக்கறேன், பாராட்ட வேண்டியது அங்கதான் நிறைய இருக்கு. ஒரு தடவ எங்க லாரி கிளீனர் பையன் பேரு லிஸ்ட்ல இல்லன்னு கேட் செக்யூரிட்டி உள்ள விடவே இல்ல. நான் போன்ல கத்தினேன், ஏஜென்ட் கெஞ்சினாரு, மனுஷன் அசையல, புது பாஸ் வந்த பிறகுதான் தடுப்ப தூக்கினாரு. அன்னைக்கு கடுப்புதான், ஆனா அவர் செஞ்சது சரி. 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் ஐஎம்ஓ (ஐ.நா.வோட கப்பல் போக்குவரத்து அமைப்பு) கொண்டு வந்த ஐஎஸ்பிஎஸ் கோட், அதாவது கப்பல், போர்ட் பாதுகாப்பு விதி, 2004 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கு, வெளிநாட்டு ரூட்ல ஓடுற 500 ஜிடிக்கும் (கிராஸ் டன்னேஜ், கப்பலோட கொள்ளளவுக் கணக்கு) அதுக்கு மேலயும் உள்ள சரக்குக் கப்பல் வழக்கமா வந்து நின்னா அந்தத் துறைமேடை எவ்ளோ சின்னதா இருந்தாலும் ரிஸ்க் அசெஸ்மென்ட், செக்யூரிட்டி பிளான், அதுக்குன்னு ஒரு ஆபீசர் எல்லாம் இருந்தே ஆகணும். மூணு மாசத்துக்கு ஒரு டிரில் வேற. இவங்க அத ஒழுங்கா செய்யறாங்க, நானே ஒரு டிரில்ல மாட்டிக்கிட்டு டீ குடிக்கக்கூட வெளிய போக முடியாம நின்னிருக்கேன். ஆனா பின்பக்க வேலியோரம் மூணு லைட் கம்பத்துல ரெண்டு எரியல, பல மாசமா எரியல. முன்வாசல்ல இவ்ளோ கறார், பின்னாடி இருட்டு.

நிர்வாகம் புரியறதுக்கு எனக்கு ஆறு மாசம் ஆச்சு. நிலமும் பெர்த்தும் (கப்பல் வந்து நிக்கற இடம்) போர்ட்டோடது, கிரேனும் ஆளுங்களும் குத்தகை எடுத்த தனியார் கம்பெனியோடது, லேண்ட்லார்ட் மாடல்னு சொல்வாங்க. கஸ்டம்ஸ் தனி, இமிக்ரேஷன் தனி, கப்பல் உள்ள வரலாமா வேணாமான்னு சொல்றது ஹார்பர் மாஸ்டர். கிரேன் நின்னு போச்சுன்னா போர்ட் ஆபீஸ் கம்பெனிய காட்டும், கம்பெனி போர்ட்ட காட்டும், நடுவுல கப்பலுக்கு வாடகை மீட்டர் ஓடிட்டே இருக்கும். அதுல ஒரு ஆறுதல் என்னன்னா போர்ட்ட நடத்தற நிர்வாகக் குழுவோட, அதான் போர்டோட, மீட்டிங் குறிப்ப (மினிட்ஸ்) வெளியிடறாங்க. போர்டுல இருக்கற ஒருத்தர் அங்கயே கோடவுன் வாடகைக்கு எடுத்திருக்காரு, வாடகை விஷயம் வந்தப்போ அவர் எழுந்து வெளிய போனாருன்னு மினிட்ஸ்ல பதிவே பண்ணியிருக்காங்க. அதுக்கே முழுசா ஒரு ஸ்டார் குடுத்துட்டேன். பேப்பர் வேலைக்கு மட்டும் குறைச்சிக்கறேன், 2024 ஜனவரி 1ல இருந்து கப்பல் சம்பந்தப்பட்ட டிக்ளரேஷன் எல்லாம் சிங்கிள் விண்டோவுலதான் (ஒரே ஆன்லைன் போர்ட்டல்ல) ஏத்தணும்னு சர்வதேச விதியே வந்தாச்சு, இங்க போர்ட்டல்ல ஏத்தின பிறகும் "ஒரு பிரிண்ட் அவுட் குடுத்துடுங்க சார்"னு கேக்கறாங்க.

இப்ப பணம். கப்பல் சைஸுக்கு போர்ட் டியூஸ், நிக்கற நேரத்துக்கு பெர்த் ஹயர், இறக்கற டன்னுக்கு வார்ஃபேஜ், கப்பலுக்கு வழிகாட்டற பைலட்டுக்கும் இழுவைப் படகுக்கும் (டக்) தனி. ரேட் எல்லாம் அச்சடிச்சு ஒட்டியிருக்கு, பேரம் இல்ல, அது எனக்கு பிடிச்சது. பிரச்சன என்னன்னா மாசத்துக்கு ரெண்டு கப்பல் வந்தாலும் இருபது வந்தாலும் அலைதடுப்புச் சுவர் செலவும் செக்யூரிட்டி சம்பளமும் ஒண்ணுதான். சுவர் கட்ட எப்படியாவது கவர்மென்ட் மானியமோ கடனோ வரும், திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டலாம் பாருங்க. வருஷா வருஷம் தூர்வாரறதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டாங்க. தூர்வாரற கப்பல (டிரெட்ஜர்) சும்மா கொண்டு வந்து திருப்பி அனுப்பறதுக்கே பெரிய தொகை ஆகும், அதனால தள்ளிப் போட்டுக்கிட்டே போறாங்க.

அது எனக்கு எப்படி விடிஞ்சுதுன்னா, போன சீசன் போர்ட் குடுத்த ஆழத்த நம்பி கப்பல் புக் பண்ணேன். கப்பல் கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி ஹார்பர் மாஸ்டர் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ், கப்பல் உள்ள வர்ற வாய்க்கால்ல மண்ணு சேர்ந்திருக்கு, கப்பல் தண்ணிக்குள்ள அமிழற அளவ அரை மீட்டர் குறைச்சிக்கோங்கன்னு. அரை மீட்டர்தானேன்னு தோணும். 90 மீட்டர் நீளம் 14 மீட்டர் அகலம் உள்ள கப்பல்ல ஒரு சென்டிமீட்டர் அமிழறதுக்கு சுமாரா 10 டன் சரக்கு, அப்போ 500 டன் ஏத்தற இடத்துலயே நின்னு போச்சு. கப்பல் வாடகை மட்டும் அப்படியே முழுசு. அப்படியும் வந்த கப்பல் ஓதம் ஏறட்டும்னு (கடல் மட்டம் உயரட்டும்னு) வெளிய ஒரு ராத்திரி நங்கூரம் போட்டு நின்னுது, காலைல உள்ள வரும்போது பின்னாடி தண்ணி காப்பி கலர்ல கலங்கிட்டே வந்துது.

ஆபீஸ்ல போய் கடைசியா எப்ப ஆழம் அளந்தீங்கன்னு கேட்டேன். சுவத்துல மாட்டியிருந்த சார்ட்ட காட்டினாங்க. தேதிய பார்த்தேன், ரெண்டு மழைக்காலத்துக்கு முந்தினது. பில்லுல டிரெட்ஜிங் சார்ஜ்னு ஒரு வரி மட்டும் மாசம் தவறாம வருது, அந்தப் பணம் தனி அக்கவுன்ட்ல நிக்குதா, இல்ல பொதுக் கணக்குல கலந்து சம்பளத்துக்கு போகுதான்னு எழுதிக் கேட்டேன், "போர்டு பார்வைக்கு வைக்கப்படும்"னு பதில். அடுத்த மினிட்ஸ்ல தேடினேன், இல்ல.

பெரிய போர்ட்டுக்கு மாறிடலாமேன்னு கேப்பீங்க. அங்க என்னோட சின்னக் கப்பலுக்கு பெர்த் கிடைக்கவே நாள் கணக்காகும், இங்க வந்தா அன்னைக்கே கட்டிடலாம், ஃபோர்மேன் பேர் சொல்லி கூப்பிடுவாரு, மரத்த நனையாம இறக்குவாங்க. அதனால அடுத்த லோடும் இங்கதான். என்ன, இந்த தடவ கப்பல் புக் பண்றதுக்கு முன்னாடி கடைசியா ஆழம் அளந்த சர்வே தேதிய எழுத்துல கேட்டு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.