சுங்கை சிப்புட்டில் ஹார்டு டிஸ்க் பார்ட்டிஷன் போட நம்பிப் போகக்கூடிய கடை

ஹார்டு டிஸ்க்கின் இடத்தை சி, டி என்று தனித்தனி டிரைவாகப் பிரிப்பதுதான் பார்ட்டிஷன். அப்படி நான்கு துண்டாக்கிக் கையில் கொடுக்க எந்தக் கடையும் போதும். உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள், அதில் எது போனால் திரும்பக் கிடைக்காது என்று முதலில் கேட்கிற கடை வேண்டுமென்றால், சுங்கை சிப்புட் மார்க்கெட் பக்கத்துக் கடைவரிசையில் மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது 1 டிபி ஹார்டு டிஸ்க் போட்ட பழைய டெஸ்க்டாப். விண்டோஸ், பிள்ளைகளின் பாடங்கள், கோயில் திருவிழாக் கணக்கு, அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து வைத்தது எல்லாம் ஒரே சி டிரைவில் கிடந்தன. இதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடையில் மடிக்கணினிக்குப் பார்ட்டிஷன் போட்டபோது, சி-க்கு 50 ஜிபி மட்டும் விட்டுவிட்டு மீதியை டி, இ, எஃப் என்று பங்கு போட்டுவிட்டார்கள். அப்டேட் வர வர சி நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, பக்கத்தில் டி காலியாகவே கிடந்தும் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வழியில்லை. விண்டோஸில் டிரைவ்களைப் பிரிக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்ட் பகுதியில் ஒரு டிரைவைப் பெரிதாக்க, அதற்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல எந்த டிரைவுக்கும் ஒதுக்கப்படாத இடம் இருந்தாக வேண்டும், அங்கே டி உட்கார்ந்திருந்தது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை, அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

இங்கே இருக்கும் தம்பி எடுத்த எடுப்பில் டிஸ்க்கைத் தொடவே இல்லை. “அக்கா, முதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குல எடுத்து வச்சிடுவோம், அப்புறம்தான் வெட்டுவேன்” என்றார். பார்ட்டிஷனின் எல்லையை நகர்த்தும்போது உள்ளே இருக்கும் ஃபைல்களும் இடம் மாறும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் டேட்டா பாழாகிவிடலாம். மத்தியானம் ஆனால் இடி இடிக்கிற நம் ஊரில் இது சும்மா சொல்கிற பேச்சில்லை. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் யுபிஎஸ்ஸில் மாட்டிய பிறகுதான் வேலையை ஆரம்பித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால் 931 ஜிபி என்று வருகிறது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, இடம் எதுவும் காணாமல் போகவில்லை. சி-யைச் சுருக்க ஷ்ரிங்க் வால்யூம் கொடுத்தார். டிஸ்க்கில் பெரும்பகுதி காலி, ஆனாலும் பாதி அளவுக்குத்தான் குறைக்க முடியும் என்றது. விண்டோஸ் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல் மாதிரி சிலவற்றை அது நகர்த்தாது, அவை நடுவில் உட்கார்ந்திருந்தால் எல்லை அங்கேயே நின்றுவிடும். அந்த இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஷ்ரிங்க் கொடுத்தார், இந்த முறை தேவையான அளவு குறைந்தது. சி-க்கு 200 ஜிபி, மீதி முழுக்க டி. இரண்டே டிரைவ், அவ்வளவுதான்.

பல கடைகள் இதோடு நிறுத்திவிடும். இவர் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் லொகேஷன் பகுதிக்குப் போய் அவற்றை டி-க்கு மாற்றினார். இதைச் செய்யாவிட்டால் டி பெயருக்குத்தான் இருக்கும், பிள்ளைகள் சேவ் செய்வதெல்லாம் வழக்கம்போல சி-யிலேயே போய் விழும்.

வேகம் கூடுமா என்று கேட்டேன். “பார்ட்டிஷன் போட்டா பறக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்கக்கா” என்றார். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தட்டின் வெளி ஓரத்தில்தான் படிக்கும் வேகம் அதிகம், முதல் பார்ட்டிஷன் பெரும்பாலும் அங்கேதான் அமையும், அதனால் விண்டோஸ் உள்பக்கம் பரவாமல் இருப்பதில் கொஞ்சம் லாபம் உண்டு. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் சுழலும் தட்டே கிடையாது, அங்கே பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் வேகம் ஒன்றுதான். நிஜமாகவே வேகம் வேண்டுமென்றால் விண்டோஸை ஓர் எஸ்எஸ்டி-க்கு மாற்றச் சொன்னார், ஆனால் அன்றைக்கே வாங்கு என்று நச்சரிக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நேர்மைதான்.

பிறகு ஒரு நாள் விண்டோஸ் கிளம்ப மறுத்தபோது அதே தம்பி சி-யை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டார். அப்பாவின் படங்களும் கோயில் கணக்கும் டி-யில் அப்படியே இருந்தன.

குறை உண்டு. வேலை மெதுவாக நடக்கும், மறுநாள்தான் கிடைக்கும். மாடிப்படி குறுகல், டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் ஏறுவது கஷ்டம். அதைவிடப் பெரிய குறை, டி-யில் இருப்பது காப்பு நகல் ஆகாது என்பதை அவர் வாடிக்கையாளரிடம் அழுத்திச் சொல்வதில்லை. சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்தான், டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். முதலில் எடுத்து வைத்த நகலை அழிக்காமல் ஒரு வெளி டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கூலி 60 ரிங்கிட், வெளி டிஸ்க் தனி. 2 டிபி-க்கு மேற்பட்ட டிஸ்க் கொண்டு போகிறவர்கள் டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியலை ஜிபிடி முறையில் போடச் சொல்லுங்கள், பழைய எம்பிஆர் முறையில் 2 டிபி-க்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது.