காஸ்டிக் சோடாவுக்கு எந்தக் கையுறை? என் ஓட்டு உள்ளுறையில்லா நைட்ரைலுக்கு

வீட்டில் தேங்காய் எண்ணெய் சோப்பு போடுகிறவர்களிடம் கையுறை தேவையா என்று விவாதிக்க வேண்டியதில்லை. எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா கரைசல் பட்ட உடனே எரிச்சல் தெரியாமல் போகலாம். முதலில் வழவழக்கும், அவ்வளவுதான். தோலிலுள்ள கொழுப்பே அங்கே சோப்பாகிக்கொண்டிருக்கிறது.

கரைசலைத் தாங்குவதில் இயற்கை ரப்பரான லேடெக்ஸ், செயற்கை ரப்பர்களான நைட்ரைல், நியோபிரீன், பிளாஸ்டிக் வகையான பிவிசி எல்லாமே தேறிவிடும். ஐரோப்பியத் தரமான இஎன் 374 முத்திரையின் கீழ் 'கே' என்ற எழுத்து இருந்தால், 40 சதவீத சோடா கரைசலில் சோதித்த கையுறை என்று அர்த்தம். சோப்புக்கு நாம் கலக்குவது பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டித்தான். எனவே சட்டென்று சிவந்து தடிக்கும் என்னுடைய தோலுக்கு, கையுறையின் உள்பக்கம்தான் முக்கியம்.

பாத்திரம் கழுவும் மஞ்சள் லேடெக்ஸ் கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பஞ்சு போல ஒட்டியிருக்கும் உறை, போட்டதும் சுகமாகத்தான் இருக்கும். அப்புறம் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். மணிக்கட்டு வழியாக ஒரு சொட்டுக் கரைசல் இறங்கினால் அதையும் பிடித்து வைத்துத் தோலோடு அழுத்தும். அலசினாலும் சீக்கிரம் காயாது. போதாக்குறைக்கு லேடெக்ஸ் புரதமே சிலருக்கு ஒவ்வாது.

நான் வைத்திருப்பது உள்ளுறை இல்லாத, முழங்கை பக்கம் வரை வரும் தடித்த நைட்ரைல். அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. வியர்வை பருத்தியோடு போய்விடும். ஒவ்வொரு முறையும் துவைத்த ஜோடியை மாற்றிக்கொள்ளலாம். நைட்ரைலைக் கழற்றும் முன் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் கழுவி, கிளிப்பில் மாட்டினால் முடிந்தது. அடுத்த முறை போடும் முன் காற்றை அடைத்து அமுக்கினால் ஓட்டை இருந்தால் தெரிந்துவிடும். பஞ்சு உறைக்கு இந்தப் பராமரிப்பு சரிப்படாது.

ஒரு விஷயம்: 'லேடெக்ஸ் இல்லை' என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற வேதிப்பொருட்கள் நைட்ரைலிலும் இருக்கலாம். நைட்ரைல் போட்டும் அரிக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எது ஒவ்வாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டு, இவை சேர்க்காத ரகத்தைத் தேடலாம்.

ஒருமுறை போட்டு எறியும் மெல்லிய நைட்ரைல், சோடாவை எடை போட வசதி. ஆனால் நகம் பட்டாலே கிழியும், மணிக்கட்டோடு நின்றுவிடும். சூடான கரைசலை ஊற்ற நான் அதை நம்ப மாட்டேன். மெல்லிய வினைல் அதைவிட மோசம். நியோபிரீனை இரவல் வாங்கித்தான் போட்டிருக்கிறேன். கைக்கு மிருதுவாக இருந்தது, எத்தனை நாள் உழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

எதைப் போட்டாலும் மேல் விளிம்பை ஒரு மடிப்பு வெளியே மடித்துவிடுங்கள், கையைத் தூக்கும்போது சொட்டு அங்கேயே நிற்கும். அதையும் மீறி உள்ளே போனால், கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கையைக் காட்டுங்கள். வினிகர் ஊற்றாதீர்கள்.