ரிப்போர்ட்டில் பச்சை டிக், ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக்கே இல்லை: 3,85,000 ரூபாய் போச்சு

பழைய கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

3,85,000 ரூபாய். 2012 மாடல் செடான். ஆன்லைனில் படம் காட்டி, யார்டுக்கு வரச்சொல்லி விற்கும் ரகக் கம்பெனி. வாங்கியது மாமா, அக்கா வீட்டுக்காரர். புகார் கொடுக்கப் போகிறோம், அதனால் கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் பேடைக் கழற்றினோம். உள்ளே பையும் இல்லை, அதை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டரும் இல்லை. மஞ்சள் கனெக்டர் வாயில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி, கறுப்பு டேப்பைச் சுற்றி உள்ளே திணித்திருக்கிறார்கள். மூடியை ஏதோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் காரில் டிரைவர் ஏர்பேக் என்று இருந்தது அவ்வளவுதான்.

நம்பிய இடத்தைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் என்று பல பக்கத்துக்கு ஒன்று கொடுத்தார்கள். அதில் "ஏர்பேக்: சரி" என்று பச்சை டிக். அதோடு விடாமல் மாமா நேராகவே கேட்டார், "ஏர்பேக் வேலை செய்யுமா தம்பி?" விற்பனைப் பையன் சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்து மீட்டரைக் காட்டினான். "பாருங்க சார், லைட் வந்துச்சு, போயிடுச்சு. பிரச்சினை இருந்தா லைட் அணையவே அணையாது சார்." கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைக்குத்தான் 3,85,000 ரூபாய் கைமாறியது.

மீதிப் பாதி இது. சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். ஏர்பேக் விளக்கு எரியும். எஸ்.ஆர்.எஸ். யூனிட் (ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) தன் வயர், சென்சார், பை எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிட்டு, பெரும்பாலான வண்டிகளில் ஆறு விநாடி வாக்கில் அந்த விளக்கைத் தானாக அணைத்துவிடும். அப்போதும் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் என்ஜின் இன்னும் ஓடவில்லை. ஏர்பேக் விளக்கு தனியாக அணைகிறதா என்பதுதான் சோதனை. இந்தக் காரில் அது ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒரே நொடியில் அணைகின்றன. மீட்டருக்குப் பின்னால் ஏர்பேக் விளக்கின் வயரை வெட்டி, ஆயில் பிரஷர் விளக்கின் லைனில் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பையன் ஒரே திருப்பில் ஸ்டார்ட் செய்ததால் எதுவும் தெரியவில்லை. தெரிந்து செய்தானா, அவனுக்கே தெரியாதா, சொல்ல முடியவில்லை. டிக் போட்டவனுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

அந்த ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால்: ஏர்பேக்கைப் பற்றவைக்கும் ஸ்குவிப்புக்குள் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதன் மின்தடை சுமார் 2 ஓம். யூனிட் அதன் வழியே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, கம்பி இருக்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கும். இரண்டு, மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் 2.2 ஓம் ரெசிஸ்டரைச் செருகினால் பை இருக்கிறது என்று யூனிட் நம்பிவிடும். இங்கே முதலில் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் பை ஒருமுறை வெடித்த வண்டியில் யூனிட்டின் நினைவகத்தில் க்ராஷ் டேட்டா, அதாவது விபத்துப் பதிவு, உட்கார்ந்துவிடும். சாதாரணமாக அழித்தால் அது போகாது, விளக்கும் அணையாது. அதனால்தான் அடுத்து மீட்டர் வயரில் கை வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கைதேர்ந்த ஆளாக இருந்திருந்தால் யூனிட்டைத் திறந்து, மெமரி சிப்பில் பழைய ஃபைலை ஏற்றி, க்ராஷ் டேட்டாவையே துடைத்திருப்பான். அப்படிச் செய்த வண்டியில் நான் மேலே சொன்ன விளக்குச் சோதனையும் சரியாகவே வரும். ஆகவே விளக்கு அணையவில்லை என்றால் கோளாறு உறுதி, அணைந்தால் எதுவும் உறுதியில்லை.

ஸ்கேனர் போட்டதும் டிரைவர் பக்கம் முன் ஏர்பேக் வெடித்த பதிவு அப்படியே வந்தது. இதற்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) உதவாது, அது பெரும்பாலும் என்ஜின் குறியீடுகளோடு நின்றுவிடும். எஸ்.ஆர்.எஸ். யூனிட்டுக்குள் போய் 'பி' எழுத்தில் தொடங்கும் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ரிப்போர்ட் எழுதியவர்கள் என்ஜினை மட்டும் ஸ்கேன் செய்து "எலக்ட்ரிகல்ஸ்: சரி" என்று முடித்திருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டையும் பாருங்கள். பை வெடிக்கும்போது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் வெடிக்கும், அதுவும் ஒரே ஒரு முறைக்கான பொருள். இந்தக் கார் 2012 தயாரிப்பு. டிரைவர் பெல்ட்டின் அடியில் தைத்த துணி லேபிளில் 2016 என்று இருக்கிறது, மற்ற பெல்ட்டெல்லாம் 2012. காயலாங்கடையில் எடுத்து மாட்டிய பெல்ட். இந்த லேபிளைப் படிக்கக் கருவி வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு முன்னால் அந்த ஒரு நிமிஷத்தை யாரும் செலவழிக்கவில்லை, நாங்களும் சேர்த்துத்தான்.

இதுவே போதும் என்றால் இன்னொன்று. டிரைவர் பக்கம் பை இல்லை. பக்கத்துச் சீட்டில் பை இருக்கிறது (அந்தச் சீட்டில் எடை இல்லாவிட்டால் வெடிக்காத மாடல் இது), ஆனால் அந்த இன்ஃப்ளேட்டர் ரீகாலில் (குறையுள்ள பாகத்தை மாற்றத் தயாரிப்பாளரே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டதும் வந்துவிட்டது: ரீகால் நிலுவை, மாற்றப்படவில்லை. ரீகால் கடிதம் முதல் ஓனர் வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கும். அவர் வண்டியை விற்று, வாங்கியவர் இன்னொருவருக்கு விற்று, மூன்றாவதாக யார்டு. ரீகால் சேஸிஸ் நம்பரோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. ஆனால் கடிதம் ஆளைத் தேடித்தான் போகிறது. செகண்ட் ஹேண்ட் கார்களில் ரீகால் வேலை வருடக்கணக்கில் கிடப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இன்ஃப்ளேட்டர் ரீகாலை "சின்ன பார்ட் மாத்தணும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். உலகமே பார்த்த உதாரணம் தக்காட்டா என்ற ஜப்பானிய ஏர்பேக் கம்பெனி. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன, அந்தக் கம்பெனி 2017 ஜூனில் திவால் மனு கொடுத்தது. அவற்றில் எரிபொருள் அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி இல்லாத வகைகளில், வெயிலும் புழுக்கமும் வருடக்கணக்கில் மாறி மாறி அடிக்க, அழுத்திச் செய்த வில்லைகளில் நுண்ணிய துளை விழும். துளை விழுந்தால் எரியும் பரப்பு கூடும். கணக்குப்படி எரிய வேண்டியது அதைவிட வேகமாக எரிந்து, இரும்புக் கூடே பிளந்து, துண்டுகள் பைத் துணியைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அமெரிக்காவில் ஆபத்து அதிகம் என்று முதலில் பிரித்ததே வெப்பமும் ஈரமும் சேர்ந்த மாநிலங்களைத்தான். மலேசியாவில் 2014-லேயே உயிர்ப்பலி நடந்தது. நம் கடலோரக் காற்றில், மொட்டை வெயிலில் நிற்கும் வண்டிக்கு வயசு ஏற ஏற ஆபத்தும் ஏறும். இன்னொரு சிக்கல்: தக்காட்டா ரீகாலில் ஆரம்பத்தில் சில வண்டிகளுக்குப் பழையது போலவே ஒன்றை மாட்டி அனுப்பினார்கள், பின்னால் அவற்றையும் மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று. எனவே "ரீகால் ஆயிடுச்சு" என்று பழைய பில்லைக் காட்டினாலும் நம்பரை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள்.

புது வண்டி என்றால் கவலை இல்லை என்றும் இல்லை. 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களை ஏர்பேக் கன்ட்ரோலர் மாற்ற அழைத்தபோது, மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது.

தட்டிக்கழித்த வரிசைக்கு வருவோம். சர்வீஸ் சென்டரில் முதல் நாள், "வாரண்டி முடிஞ்சிடுச்சு சார்." ரீகால் இலவசம், வாரண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றதும், "ஆர்.சி. உங்க பேருக்கு மாறட்டும்." மாறாவிட்டாலும் செய்ய வேண்டும் என்று மேனேஜர் வரை போனதும், "பார்ட் ஸ்டாக் இல்ல, ஆர்டர் போட்டிருக்கோம், கூப்பிடுவோம்." ஆர்டர் நம்பர் கேட்டால் கொடுக்கவில்லை. இன்றோடு பதினெட்டு நாள். பார்ட் வரும்வரை அந்தச் சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்றுகூட ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

கார் விற்ற கம்பெனி இதைவிட மேல். "சென்சார் ப்ராப்ளம் சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்." ஓட்ட ஓட்டப் பை முளைக்குமா? அடுத்த ஆள், "இன்ஸ்பெக்‌ஷன் பண்ணது வெளி வெண்டர் சார்." அதற்கடுத்த ஆள், "உள்ளது உள்ளபடி எடுத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார், திருப்பிக் கொடுக்கற நாளும் முடிஞ்சிடுச்சே." டெலிவரியன்று டேப்லெட்டில் விரலால் கிறுக்கச் சொன்னது அந்தக் கையெழுத்துதான். ஸ்டீயரிங் போட்டோவை அனுப்பியதிலிருந்து போனையே எடுப்பதில்லை. பை, யூனிட், பெல்ட், ஸ்பைரல் கேபிள் (திரும்பும் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் பைக்கு மின் இணைப்புத் தரும் சுருள்) எல்லாம் புதிதாகப் போட எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அது 3,85,000-க்கு மேலே.

சட்டமும் பாதித் தூரம்தான் கூட வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 110ஏ பிரிவின்படி கட்டாய ரீகால் உண்டு, விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. ஆனால் அவை ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. 2012 மாடலுக்குத் தயாரிப்பாளர் தானாக முன்வந்து செய்வதுதான் கதி. விற்றவன் மேல் போவதற்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது: நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாருக்குப் பதிவு நம்பர் வாங்குங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக: அட்வான்ஸுக்கு முன்னால் சேஸிஸ் நம்பரை வாங்குங்கள், தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி. நம்பரும் வண்டியில் பொறித்த நம்பரும் ஒன்றா பாருங்கள். அதே நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் விபத்து வேலை ஏதும் நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாவியை நீங்களே திருப்புங்கள், அவன் கையில் விடாதீர்கள். ஸ்டீயரிங் பேடும் டாஷ்போர்டும் ஒரே நிறமா, ஒரே சொரசொரப்பா என்று வெயிலில் வைத்துத் தடவிப் பாருங்கள். 2019 ஜூலைக்கு முன் வந்த வண்டி என்றால் அந்த வேரியண்டில் ஏர்பேக் உண்டா என்பதையே பழைய பிரௌச்சரில் பாருங்கள். அடிமட்ட வேரியண்டுக்கு மேல் வேரியண்ட் ஸ்டீயரிங்கை மாட்டி விற்பதும் நடக்கிறது. "ஏர்பேக் வெடித்ததில்லை, எல்லாம் ஒரிஜினல்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மஞ்சள் கனெக்டரில் நீங்களாகக் குத்திப் பார்க்காதீர்கள். மல்டிமீட்டர் அனுப்பும் மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். தெரிந்த ஆளாக இருந்தாலும் பேட்டரி மைனஸைக் கழற்றி, வண்டியின் மேனுவல் சொல்லும் நேரம், குறைந்தது மூன்று நிமிஷமாவது காத்திருந்துதான் கை வைக்க வேண்டும்.

ஸ்கேன் பிரிண்ட்டில் தேதியும் சேஸிஸ் நம்பரும் சேர்ந்து விழ வேண்டும், நேற்று எடுத்ததில் நம்பர் விழவில்லை. மறுபடி எடுக்கக் கிளம்புகிறேன். கமெண்டில் எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், மனு போட்ட பிறகு சொல்கிறேன்.