தொடர்மாடி வீட்டுக்குள் உடற்பயிற்சி: இரண்டு மீற்றர் இறப்பர் பாண்ட் வாங்கலாமா?

கொழும்பில் வீட்டு உடற்பயிற்சிக் கருவி என்றதும் பல்கனியில் உடுப்புக் காயப்போடும் ட்ரெட்மில்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் தசைப் பயிற்சி செய்ய, சுருட்டினால் தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும் ஒரு பொருளும் இருக்கிறது: தட்டையான இறப்பர் பாண்ட். இயன்மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது இதைத்தான். தெராபாண்ட் என்ற வணிகப் பெயர் அதற்கான பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்பவர்கள், ஜிம் பக்கமே போக விரும்பாதவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டும் ஐந்து வளையப் பெட்டியை வாங்க வேண்டாம்.

கடைகளில் மூன்று விதம் கிடைக்கிறது. முதலாவது அந்தச் சிறு வளையங்கள். தொடையில் மாட்டி நாலு அடி நடந்தாலே கயிறு போலச் சுருண்டு தோலைக் கவ்வும், தோள் பயிற்சிக்கும் நீளம் காணாது. இரண்டாவது, கைபிடி வைத்த குழாய். பிடிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் குழாய் கைபிடிக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் கிழியும், அந்த இடம் பிளாஸ்ரிக் மூடிக்குள் மறைந்திருப்பதால் கிழிசல் கண்ணில் படாது. மூன்றாவதுதான் தட்டைப் பட்டி: ஏறக்குறைய 13 முதல் 15 செ.மீ. அகலம், இரண்டு முனையும் திறந்தது. முடிச்சுப் போட்டால் வளையம், மடித்தால் இரட்டைப் பலம், விரித்துப் பிடித்தால் கையை அறுக்காது. பெரும்பாலும் 1.5 மீற்றர் துண்டாக விற்பார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கவே கணிசமான நீளம் போய்விடும் என்பதால் 2 மீற்றர் கேட்டு வாங்குங்கள். சத்திரசிகிச்சை உபகரணம் விற்கும் கடைகளில் பெரிய சுருளிலிருந்து வெட்டித் தருவதுண்டு, அதில் நீளம் உங்கள் விருப்பம்.

பெட்டியில் '10 இறாத்தல்', '30 இறாத்தல்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து நிறம் தெரிவு செய்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறப்பருக்கு இரும்பைப் போல நிலையான எடை கிடையாது. எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கு ஏற்றபடி எதிர்ப்பு கூடும். எத்தனை மடங்கு இழுத்தபோது அந்த எண் வந்தது என்று சொல்லாவிட்டால் அச்சடித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தெராபாண்ட் வகையில் ஒரு மீற்றரை இரண்டு மீற்றராக இழுக்கும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 கிலோ எதிர்ப்புத் தரும். மூன்று மீற்றராக இழுத்தால் அதே மஞ்சள் 2 கிலோவுக்கு வந்துவிடும். வேறு தயாரிப்பாளர்களின் நிற வரிசை வேறாக இருக்கும், ஆகவே 'பச்சை வாங்கு' என்று தொலைபேசியில் சொல்லும் மருமகனை அப்படியே நம்ப முடியாது. புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தெராபாண்ட் வரிசையின் மஞ்சளும் சிவப்பும், ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் போதும். எந்த நிறமானாலும் அதன் நீளத்தின் மூன்று மடங்குக்கு மேல் இழுக்க வேண்டாம்.

இந்த எதிர்ப்பு மாறுவதுதான் பாண்டின் நல்ல குணமும். அசைவின் தொடக்கத்தில், மூட்டு பலம் குறைந்த நிலையில் இருக்கும்போது, பாரம் மிகக் குறைவு. தசை பிடித்துக்கொண்ட பிறகே கூடுகிறது. தோள்மூட்டு இறுகியவர்களுக்கும் முழங்கால் நோ உள்ளவர்களுக்கும் டம்பெல்லை விட இது ஒத்துவருவதற்குக் காரணம் இதுதான். கைதவறினால் காலில் விழவும் மாட்டாது.

வாங்கும்போது பாண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சற்று இழுத்து, இரண்டு ஓரங்களையும் முழு நீளத்துக்கும் பாருங்கள். நடுவில் ஊசித்துளை இருந்தால் ஒளி புள்ளியாகத் தெரியும். ஓரத்தில் நகம் பட்டது போன்ற சிறு வெட்டு இருந்தால் அதிலிருந்துதான் குறுக்காகக் கிழியும். பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ வெளிறிப் போயிருந்தாலோ அது கண்ணாடி அலுமாரி வெயிலில் கனகாலம் கிடந்த சரக்கு. 1876இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த இறப்பர் நாற்றுகளை கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நட்ட நாடு இது. இறப்பருக்கு வெயிலும் வெக்கையும் ஆகாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனால் கடைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலானவை இயற்கை இறப்பர்ப் பாலில் செய்தவை. இறப்பர்க் கையுறை போட்டால் சொறிபவர்கள், பலூன் ஊதினால் உதடு தடிப்பவர்கள் இதைத் தொடக்கூடாது. வாழைப்பழம், பப்பாசி, அவகாடோ சாப்பிட்டால் வாய் கடிப்பவர்களுக்கும் அதே ஒவ்வாமை இருக்க வாய்ப்பு உண்டு. 'லேடெக்ஸ் இல்லாதது' என்று குறித்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வீட்டில் எங்கே கட்டுவது? பிளாஸ்ரிக் கதிரைக் காலில் கட்டினால் ரைல் தரையில் கதிரையும் சேர்ந்து வரும். அலுமினியச் சறுக்குக் கதவு இதற்குச் சரிவராது. மரக்கதவு என்றால், பாண்டின் நடுவில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சை மறுபக்கம் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து கதவு அப்பால் திறப்பதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுக்க இழுக்க இறுகும். உங்கள் பக்கம் திறக்கும் கதவென்றால் முடிச்சோடு கதவும் முகத்துக்கு வரும். எல்லாவற்றிலும் வசதி யன்னல் கம்பிதான். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றில் கம்பி துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும். பாண்ட் அதில் இரண்டு கிழமை உரசினால் போதும், ஓரம் அரம் போட்டதுபோல் ஆகிவிடும். கம்பியைச் சுற்றி ஒரு பழைய தலையணை உறையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பாண்டைப் போடுங்கள்.

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இருந்தபடி பின்னோக்கி இழுப்பதைச் செய்யுங்கள். கணினிக்கு முன் கூனிப்போன முதுகுக்கு இது பொருத்தமான மருந்து. பாண்டின் நடுப்பகுதியைக் கீழ்விலா உயரத்தில் கம்பிக்குப் பின்னால் விடுங்கள். கைகளில்லாத உறுதியான கதிரையில், சாயாமல், இரு பாதமும் தரையில் ஊன்ற இருங்கள். கைகளை நீட்டிய நிலையில் பாண்ட் தொய்யாமல் இருக்க வேண்டும். முதலில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கி, அதன் பிறகே முழங்கையை விலா ஓரமாக இழுங்கள். 2 விநாடி இழுத்து, 1 விநாடி நிறுத்தி, 4 விநாடியில் விட்டுக்கொடுங்கள். பத்துத் தரம், ஒரு நிமிட ஓய்வு, மீண்டும் பத்து. இலேசாக இருந்தால் நிறத்தை மாற்றாதீர்கள், கதிரையை ஒரு சாண் பின்னால் தள்ளுங்கள்.

இதில் மூன்று பிழைகள் அடிக்கடி வரும். தோள் காதை நோக்கி உயர்வது ஒன்று. அப்படிச் செய்தால் வேலை முழுக்கக் கழுத்துக்குப் போய், மறுநாள் கழுத்துப் பிடிப்பு வரும், பழி பாண்டின் மேல் விழும். மணிக்கட்டை மடிப்பது இன்னொன்று. மூன்றாவது, திரும்பி வரும்போது பாண்ட் இழுத்த இழுப்புக்குக் கையைச் சட்டென்று விட்டுவிடுவது. அந்த நாலு விநாடி இறங்குமுகத்தில்தான் தசைக்குப் பாதி வேலை நடக்கிறது. அதை விட்டால் பயிற்சியில் பாதி போனதோடு, மூட்டும் வீணாக இழுபடும். பாண்டை விரல்களில் இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துப்போகும். உள்ளங்கையைச் சுற்றி ஒரு தரம் போதும், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

கீழுடம்புக்குப் பாண்ட் அவ்வளவு கெட்டிக்காரன் அல்ல, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடைத் தசைக்கு உங்கள் சொந்த எடையே நல்ல பாரம்: கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக இருப்பது, எட்டுத் தரம் இரண்டு சுற்று. முழங்கால் உள்ளே சரிகிறவர்கள் மட்டும் முழங்காலுக்குச் சற்று மேலே பாண்டைத் தளர்வாகக் கட்டி, அதை வெளியே தள்ளியபடி எழும்பலாம். இடுப்பின் பக்கத் தசைக்கு, சமையலறை மேடையைப் பிடித்து நின்று ஒரு காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது நல்லது. இத்தசை பலமாக இருந்தால் ஓடும் பஸ்ஸில் சமநிலை தவறாது. ரைல் தரையில் சொக்ஸ் போட்டுக்கொண்டு இவற்றைச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சுக் கணக்கு: இழுக்கும்போது விடு, திரும்பும்போது எடு. மூச்சை அடக்கித் தம் பிடித்தால் இரத்த அழுத்தம் அந்தக் கணத்தில் ஏறும், பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு இது முக்கியம். வாய்விட்டு எண்ணிக்கொண்டு செய்தால் மூச்சு அடக்கவே முடியாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம், சீனி திடீரென்று இறங்கலாம். காலையில் எழும்பி முதல் அரை மணித்தியாலம் ஆழமாகக் குனியும் அசைவுகள் வேண்டாம். இரவில் படுத்திருக்கையில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீர் உறிஞ்சிப் பருத்திருக்கும், அப்போது குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும்.

ஒரே தசைக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 'கிழமைக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி' என்ற அளவு சரியாக வந்துவிடும். 'இன்னும் இரண்டு தரம் செய்யலாம்' என்ற நிலையிலேயே ஒவ்வொரு சுற்றையும் நிறுத்துங்கள். மறுநாள் தசையில் மெல்லிய நோ இருந்தால் பயமில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ நோ கை வழியே ஓடினாலோ பிழை நடக்கிறது. இரவு சரியாக நித்திரை இல்லையென்றால் சுற்றைப் பாதியாக்குங்கள், தவறவிடாதீர்கள். பதினைந்து தரம் சுகமாக வந்தால் பாண்டைப் பத்து செ.மீ. குறைத்துப் பிடியுங்கள். அதுவும் இலேசானால் மட்டும் அடுத்த நிறத்துக்குப் போகலாம்.

இதயத்துக்கும் மூச்சுக்கும் பாண்டால் அவ்வளவு பயனில்லை, அதற்கு நடக்கத்தான் வேண்டும். அதே நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும் என்ற வேகத்தில். மெரைன் டிரைவ், காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், விகாரமகாதேவிப் பூங்கா என்று இடத்துக்குக் குறைவில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும், ஆகவே வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்தபின் போங்கள். திரும்பும் வழியில் செவ்விளநீர் நல்லதுதான், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது.

பராமரிப்பில் எண்ணெய்தான் முதல் எதிரி. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கையோடும், தோளில் நோவுத்தைலம் பூசிய கையோடும் பாண்டைப் பிடித்தால் இறப்பர் ஊதி, மிருதுவாகி, பிறகு பிசினாகும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிழமைக்கு ஒருமுறை பாண்டை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துக் காயவிட்டு, வாசனையில்லாத டல்கம் பவுடர் மெல்லத் தூவிச் சுருட்டுங்கள். பவுடர் இல்லாமல் சுருட்டினால் மழைக்காலத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது கிழியும். கம்பியில் கட்டியபடியே விட்டுவிடுவதும் கூடாது. பின்னேர வெயில் அந்த யன்னலில் விழும்.

ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரத்தில் வெட்டுத் தெரிந்தால் முடிச்சுப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். இழுத்த பாண்ட் அறுந்தால் கண்ணில் அடிபடலாம். அறுந்ததில் நல்ல பகுதியை ஒரு சாண் வெட்டிச் சமையலறையில் வைத்தால், இறுகிப்போன ஜாம் போத்தல் மூடிகளைத் திறக்க உதவும்.