ஒயிட் நாய்ஸ் ஃபைலைக் காட்டி 14,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: மைக்செட்காரர்கள் கவனம்

கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் கிராஸ்ஓவர் (கீழ்ச் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரித்துத் தனித்தனி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று வாங்கினேன். 14,500 ரூபாய். விற்றவர் சவுண்ட் சாமான் கடைக்காரர். ‘லிங்க்விட்ஸ்-ரைலி, ஆக்டேவுக்கு 24 டெசிபல்’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார். லிங்க்விட்ஸ்-ரைலி என்பது ஃபில்டர் வகை; ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு படியும் ஓர் ஆக்டேவ், அந்தப் படிக்குப் படி 24 டெசிபல் சத்தம் இறங்க வேண்டும். ஹார்ன் டிரைவர் (மேல் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வைத்து மண்டபங்களில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த 24தான் உயிர். கீழ்ச் சத்தம் சரியாக வெட்டுப்படாமல் உள்ளே போனால் டயாபிரம் (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) காலி.

நான் கேட்கக்கூட இல்லை. “அண்ணே, வாயால சொன்னா நம்பாதீங்க, ஒயிட் நாய்ஸ் விட்டு ரெக்கார்ட் பண்ணியே அனுப்புறேன்” என்றார். ஒயிட் நாய்ஸ் என்றால் எல்லா ஹெர்ட்ஸும் சம அளவில் கலந்த இரைச்சல். ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, ஹைபாஸை (கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஃபில்டரை) 1.6 கிலோஹெர்ட்ஸில் வைத்து ஒன்று என இரண்டு வேவ் ஃபைல் வந்தன. ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் திறந்து இரண்டுக்கும் ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடம்) போட்டேன். 400 ஹெர்ட்ஸில் 48 டெசிபல் இறங்கியிருந்தது. 1,600-லிருந்து 800, 800-லிருந்து 400 என இரண்டு ஆக்டேவ், இரண்டு 24, கணக்கு அச்சு அசல். இப்படி ஆதாரத்தோடு பேசுகிற வியாபாரி எங்கே கிடைப்பார்? அப்போதே 14,500-ஐ யுபிஐ-யில் அனுப்பினேன்.

பெட்டி வந்ததும் அதே ஒயிட் நாய்ஸை உள்ளே விட்டு, வெளியே வருவதை ரெக்கார்ட் செய்து பார்த்தேன். 400 ஹெர்ட்ஸில் வெறும் 24 டெசிபல்தான் இறங்குகிறது. அதாவது இது ஆக்டேவுக்கு 12 டெசிபல் ஃபில்டர். லெஃப்ட், ரைட் இரண்டிலும் இதே கதை.

அப்புறம் அவர் அனுப்பிய ஃபைலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய்ஸ் தொடங்குவதற்கு முன்னால் உள்ள துளி இடம் சுத்தமான பூஜ்யம். எந்தப் பெட்டி வழியாக வந்தாலும் மெல்லிய ‘ஸ்ஸ்’ கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வரும். இது கம்ப்யூட்டரிலேயே ஃபில்டர் போட்டுத் தயாரித்த ஃபைல். பெட்டியில் கேபிளே மாட்டியிருக்க மாட்டார்!

போன் செய்தால் ‘அண்ணே’ போய் ‘சார்’ ஆகிவிட்டது. முதலில் “கேபிள் லூஸா இருக்கும் சார்”. அடுத்து “ஒயிட் நாய்ஸ் மேல போகப் போக ஏறும் சார், பிங்க் நாய்ஸ்லதான் பாக்கணும்”. பிங்க் நாய்ஸ் என்றால் ஒவ்வோர் ஆக்டேவிலும் சம சக்தி உள்ள இரைச்சல். என்ன கெட்டிக்காரத்தனம்! ஆக்டேவ் வாரியாகக் காட்டும் மீட்டரில் ஒயிட் நாய்ஸ் ஆக்டேவுக்கு 3 டெசிபல் ஏறும், உண்மைதான். ஆனால் நான் ஒப்பிட்டது உள்ளே போனதையும் வெளியே வந்ததையும். இரண்டிலும் அதே 3 ஏறும், கழித்தால் மிஞ்சுவது ஃபில்டர் மட்டும். இதைச் சொன்னதும் “டெக்னீஷியன் ஊர்ல இல்ல சார்”. அதோடு போனை எடுப்பதில்லை.

தளத்துக்காரர்களோ “பொருள் இயங்குகிறது, எனவே புகார் முடிக்கப்பட்டது” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் இப்போது அந்த 24-ஐயே காணோம்.

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அனுப்புகிற ஃபைலை நம்பாதீர்கள். வீடியோ காலில் கேபிள் பெட்டிக்குள் போவதைக் காட்டச் சொல்லுங்கள், நாய்ஸ் ஓடும்போதே நீங்கள் சொல்கிற ஹெர்ட்ஸுக்குப் பெட்டியின் குமிழைத் திருப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். விளம்பரத்தைப் பணம் அனுப்பும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 14,500-இல் ஒரு ரூபாய் திரும்பினாலும் இங்கே சொல்கிறேன்.