ஆறு பட்டன் கீபோர்டுக்கு எந்த போர்டு? டிஜிஸ்பார்க், ப்ரோ மைக்ரோ, பிக்கோ

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அதே நாலைந்து ஷார்ட்கட்டைத்தான் நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருப்போம். இதற்கென்றே ஆறு பட்டன் வைத்து ஒரு குட்டிக் கீபோர்டு செய்துகொள்ளலாம் என்று இறங்கி, டிஜிஸ்பார்க், ப்ரோ மைக்ரோ, பிக்கோ என்ற மூன்று போர்டுகளிலும் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் குட்டி மின்னணுப் பலகைகள்) செய்து பார்த்துவிட்டேன். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான். சொருகினால் கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. வித்தியாசமெல்லாம் செய்கிற நமக்குத்தான்.

கையில் கிடக்கும் பழைய ஆர்டுயினோ ஊனோ போர்டிலேயே செய்யலாமே என்று தோன்றும். ஆர்3 பதிப்பு வரை வந்த ஊனோவில் நம் கோடு (நிரல்) ஓடுகிற சிப்பில் யூஎஸ்பி கிடையாது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப்தான் கணினியோடு பேசுகிறது. அந்த இரண்டாவது சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை மாற்றிச் செய்பவர்களும் உண்டு, ஆனால் முதல் முறை செய்பவருக்கு அந்தப் பாடு வேண்டாம். 2023இல் வந்த ஊனோ ஆர்4 என்றால் பிரச்சினை இல்லை, நேராகவே கீபோர்டாகும்.

டிஜிஸ்பார்க் கட்டைவிரல் அளவுதான். அதிலுள்ள ஏடிடைனி85 சிப்பிலும் யூஎஸ்பி இல்லை, வி-யூஎஸ்பி என்ற மென்பொருள்தான் அந்த வேலையைச் செய்கிறது. மொத்தம் 8 கேபி இடம், அதில் ஏறக்குறைய 2 கேபி, புதுக் கோடை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர் என்ற சிறு நிரலுக்குப் போய்விடும். பட்டன் மாதிரியானவற்றை இணைக்கும் பின்கள் ஆறு, அதில் இரண்டு யூஎஸ்பிக்கு. சொருகியதும் புதுக் கோடு வருகிறதா என்று சுமார் ஐந்து நொடி காத்திருந்துவிட்டுத்தான் கீபோர்டாக மாறும். ஒரு பட்டன், இரண்டு பட்டன் போதும் என்றால் சரி, ஆறுக்கு ஆகாது.

ப்ரோ மைக்ரோவில் இருப்பது ஏடிமெகா32யூ4 சிப். யூஎஸ்பி சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 32 கேபி இடம், ஆர்டுயினோவின் கீபோர்டு லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) சேர்த்தால் பத்து வரியில் வேலை முடியும். ஆனால் நான் மாட்டிக்கொண்டதும் இதில்தான். திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் ஒரு வரியை டைப் செய்யச் சொல்லிவிட்டு, பட்டன் அழுத்தியதா என்று பார்க்கும் நிபந்தனையை விட்டுவிட்டேன். அப்லோட் ஆன மறுநொடி, திறந்திருந்த கோடுக்குள்ளேயே அது டைப் செய்யத் தொடங்கிவிட்டது, திருத்தவும் விடவில்லை. கடைசியில் ஒரு இடுக்கியால் ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் இரண்டு முறை படக்கென்று தொட்டு, அது பூட்லோடரில் இருக்கும் எட்டு நொடிக்குள் சரியான கோடை ஏற்றித்தான் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒரு பின்னைக் காவலுக்கு வைத்திருக்கிறேன்: அது கிரவுண்டில் இருந்தால் எதையும் டைப் செய்யாதே என்பதுதான் கோடின் முதல் வேலை.

பிக்கோவில் இந்தப் பயம் இல்லை. 2021இல் வந்த, ஆர்பி2040 சிப் உள்ள ராஸ்பெரி பை போர்டு அது, 26 பின், 2 எம்பி ஃபிளாஷ். போர்டிலுள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே சொருகினால் பென் டிரைவ் மாதிரித் தெரியும். அந்த வசதி சிப்புக்குள் அழிக்கவே முடியாத ரோம் நினைவகத்தில் இருக்கிறது, அதனால் நாம் என்ன தப்புச் செய்தாலும் மீட்டுவிடலாம். போர்டிலேயே பைத்தான் மொழி நிரலை ஓட்டும் சர்க்யூட்பைத்தானை அதில் இழுத்துப் போட்டு, கோட்.பை என்ற ஃபைலைத் திருத்தி சேமித்தால் போதும், உடனே புது விசை வேலை செய்யும். வாரத்துக்கு ஒரு முறையாவது பட்டனை மாற்றுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதற்கு ஈடில்லை. ஒரே எச்சரிக்கை, அந்த ஃபைலை யார் சொருகினாலும் திறந்து படிக்கலாம். பாஸ்வேர்டைப் பட்டனில் வைக்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

ஆறு பட்டன் இல்லை, அறுபது விசையில் முழுக் கீபோர்டே கட்டப் போகிறேன், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையிலும் அது வேலை செய்ய வேண்டும் என்றால் சர்க்யூட்பைத்தானை விட்டுவிட்டு க்யூஎம்கே என்ற கீபோர்டு ஃபர்ம்வேருக்குப் போங்கள். அது ப்ரோ மைக்ரோ, பிக்கோ இரண்டிலும் ஓடும். ஒரே விசைக்கு வேறு வேறு வேலை தரும் அடுக்குகளை லேயர் லேயராகச் சேர்க்கும்போது 32 கேபி சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் அங்கும் நான் பிக்கோவைத்தான் எடுப்பேன்.

தமிழில் டைப் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இது மூன்று போர்டுக்கும் பொது. கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்பும். எச் விசைக்கு எண் 11. கணினி ஆங்கிலத்தில் இருந்தால் அது எச், தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் இருந்தால் க. ஆக, 'சந்திப்பிழை' என்று ஒரு பட்டனில் ஏற்றினால், மொழி மாறியிருக்கும் நேரத்தில் கன்னாபின்னாவென்று ஏதோ வரும். நான் இப்போது அந்தப் பட்டனிலிருந்து எஃப்13ஐ மட்டும் அனுப்புகிறேன். சாதாரண கீபோர்டில் அந்த விசையே இல்லாததால் எந்த ஷார்ட்கட்டோடும் மோதாது. விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற ஷார்ட்கட் மென்பொருள் அதைப் பிடித்து, எந்த மொழியில் இருந்தாலும் தமிழ்ச் சொல்லை அப்படியே போட்டுவிடுகிறது.