லாங் டிரிப்புக்கு முன்னாடி வண்டியை செக்கப் விடுறவங்க கவனிங்க: என் 27,650 ரூபாய் போச்சு

கடலூர்க்காரங்க, பாண்டிச்சேரிக்காரங்க யாராவது இந்த வாரம் காரை எடுத்துக்கிட்டு தூரமா கிளம்புறதா இருந்தா, தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுக் கிளம்புங்க. லாங் டிரிப்புக்கு வண்டியை எப்படித் தயார் பண்ணணும்னு முழுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். ஆனா போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாம என்னால எதையும் எழுத முடியல.

நாகர்கோவில்ல என் மச்சினி பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், சாயங்காலம் 4 மணிக்கு. இங்கேருந்து 500 கிலோமீட்டருக்கு மேல. வண்டியில நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, 72 வயசு அப்பா. அப்பாவுக்கு சுகரும் உண்டு, பிரஷரும் உண்டு. அதனால பத்து நாள் முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சு வச்சேன். அவர் மாத்திரையை வேளை வாரியா டப்பாவுல போட்டாச்சு. முந்தின நாள் ராத்திரி ஒன்பதுக்கே படுத்துட்டேன். தூக்கக் கலக்கத்துல வண்டி ஓட்டக்கூடாதுன்னு எனக்கு அவ்வளவு பயம். மிச்சம் இருந்தது கார் மட்டும்தான்.

டயரும் வித்து சர்வீஸும் பண்ற ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். "லாங் டிரிப் செக்கப்"னு வெளியில போர்டே வச்சிருக்காங்க. பேர் எழுத மாட்டேன், புகார் கொடுக்கப் போறேன். கூட வேலை செய்யிறவர் சொல்லித்தான் போனேன். ஓனருக்கு நாற்பது வயசு இருக்கும், நல்ல பேச்சு. எங்க போறீங்க, யார் யார் போறீங்கன்னு கேட்டார். அப்பாவும் வர்றார்னு சொன்னதும், "அப்படின்னா டயர் நாலையும் மாத்திடுங்கண்ணே. பெரியவரை வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்காதீங்க"ன்னார். என் பழைய டயர் 2020ல வாங்கினது, பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடு) இன்னும் இருந்துச்சு. ஆனா அப்பாவைச் சொன்னதுக்கப்புறம் எனக்கு வேற யோசனையே ஓடல.

டயர் நாலும் 18,400. அதுவும் பழைய டயருக்குக் கழிச்சது போகத்தானாம். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 900. முன்பக்க பிரேக் பேட் 2,350. இன்ஜின் சூடேறாம இருக்க ஊத்துற கூலன்ட் 1,400. ஆயிலும் ஃபில்டரும் 3,600. கூலி 1,000. மொத்தம் 27,650 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு"ன்னு ஒரு துண்டுத் தாள்ல கையால எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைச்சாதான் இப்பவும் வயிறு எரியுது.

வண்டி எடுக்கப் போன அன்னிக்கு டயரெல்லாம் மை தடவின மாதிரி கருகருன்னு மின்னுச்சு. ஓனரே கீழ உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சார். முன்னாடி புதுசா திருஷ்டிக் கயிறு கட்டினார். "என் அப்பா போற வண்டின்னு நினைச்சு செஞ்சிருக்கேன்ணே"ன்னு கையைப் பிடிச்சுச் சொன்னார். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கடைப் பசங்களுக்கு டீ வாங்கிக் குடுங்கன்னு மேல ஒரு இருநூறும் கொடுத்துட்டு வந்தேன்.

சனிக்கிழமை விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பி, உளுந்தூர்பேட்டை, திருச்சி தாண்டியாச்சு. விராலிமலை தாண்டினதும் ஸ்டியரிங்ல லேசா ஒரு உதறல். ரோடு அப்படின்னு நினைச்சேன். துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி, வண்டி 90ல போகும்போது, இடது முன் டயர் வெடிச்சுது. வெடி வச்ச மாதிரி சத்தம். வண்டி இடது பக்கமா இழுக்குது. பிரேக்கை மிதிக்காம, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, தானா வேகம் குறைஞ்சதும் ஓரம் கட்டினேன். பின்சீட்டு உட்பட எல்லாரும் பெல்ட் போட்டிருந்தோம். பின்னாடி ஒரு லாரி ஆரன் அடிச்சுக்கிட்டே விலகிப் போச்சு. அது கொஞ்சம் கிட்ட வந்திருந்தா இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசல, என் தோளைப் பிடிச்ச கையை எடுக்கவே இல்ல.

ஸ்டெப்னியை எடுத்தா, அதுல காத்தே இல்ல. அந்தத் தாள்ல "ஸ்டெப்னி செக்"னு எழுதி டிக் வேற போட்டிருக்கு!

நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அடிச்சேன். ரோந்து வண்டி வந்து பின்னாடி கூம்பு வச்சாங்க, பக்கத்துல இருந்த மெக்கானிக்கையும் வரச் சொன்னாங்க. வந்தவர் வயசானவர். சக்கரத்தைக் கழட்டி உள்பக்கத்தைத் திருப்பி, அழுக்குத் துணியால துடைச்சு, "இதைப் படிங்க தம்பி"ன்னார். நீள்வட்டத்துக்குள்ள நாலு எண்: 1417. அதாவது 2017ஆம் வருஷம், 14ஆவது வாரம் செஞ்ச டயர். இது நடந்தது 2025ல. எட்டு வருஷப் பழசு! முழு எண் டயரோட ஒரு பக்கத்துலதான் இருக்குமாம், அந்தப் பக்கம் உள்ள போற மாதிரி மாட்டியிருக்காங்க. நாலு டயர்லயும் அப்படித்தான். பட்டனுக்கு நடுவுல நகத்தால கீறினார், மயிரிழை மயிரிழையா வெடிப்பு. "ரப்பர் காஞ்சு போச்சு. ஊருக்குள்ள ஓடும். ஹைவேல சூடேறினா தாங்காது"ன்னார். மேல மின்னினது வெறும் பாலிஷ். என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்ட 2020 டயர் இதைவிட நல்ல டயர்!

அதோட விட்டாரா? பிரேக் பேடைக் காட்டினார், தேய்ஞ்ச பழசு அப்படியே இருக்கு. கூலன்ட் டப்பாவுல பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல, குழாய்த் தண்ணி மாதிரி துருக் கலர்ல இருக்கு. 27,650 ரூபாய்க்கு ஆயிலாவது மாத்தினாங்களான்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல, ஆயில் அளவு பார்க்கிற குச்சியை எடுத்துக் காட்டினார். கருப்பு.

மணப்பாறையில இருந்து டயர் வந்து மாட்டி முடிக்க மதியம் 2 மணி ஆச்சு. அந்த வெயில்ல அப்பாவை மரத்தடியில உட்கார வச்சு பிஸ்கட் குடுத்தோம். நாகர்கோவில் போய்ச் சேரும்போது ராத்திரி 8. நிச்சயம் முடிஞ்சு பந்தியே முடிஞ்சிருச்சு. பெரியம்மாவா நின்னு தட்டு மாத்த வேண்டிய என் வீட்டுக்காரம்மா, புடவைகூட மாத்தாம வாசல்ல நின்னு அழுதா.

ரோட்டோரத்துல இருந்தே ஓனருக்குப் போன் பண்ணியிருந்தேன். "பள்ளத்துல விட்டிருப்பீங்கண்ணே." அடுத்த தடவை, "அஞ்சு பேரு, லக்கேஜு, ஓவர் லோடு." தேதியைச் சொன்னதும், "அது டயர் கம்பெனிக்காரன் தப்பு, நாங்க வாங்கி விக்கிறோம்." ஞாயித்துக்கிழமை போனை எடுத்த பையன், "ஓனர் திருப்பதி போயிருக்கார்." போட்டோ அனுப்பினேன், வாட்ஸ்அப்பில் பிளாக். செவ்வாய்க்கிழமை நேர்ல போனேன். அதே ஆள், அதே நாற்காலி. அண்ணே போயி சார் ஆயிடுச்சு. "பில் இருக்கா சார்? பில் இல்லாம எந்தக் கடையில வாங்கினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" 27,650 ரூபாயை ஜிபேல அனுப்பினதைக் காட்டினேன். "அது கைமாத்துன்னுகூட சொல்லலாமே." பக்கத்துல நின்ன பசங்க சிரிச்சாங்க. நான் டீக்குக் காசு குடுத்த அதே பசங்க.

டிப்ஸ் எழுதுறேன்னு ஆரம்பிச்சேன், இப்ப இவ்வளவுதான் முடியுது. டயர் மாட்டுறதுக்கு முன்னாடியே அந்த நாலு எண்ணை நீங்களே பாருங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. ஸ்டெப்னிக்குக் காத்து உங்க கண் முன்னாடி அடிக்கச் சொல்லுங்க. கிளம்புற அன்னிக்கு எடுக்காதீங்க, நாலு நாள் முன்னாடியே வண்டியை எடுத்து வேற ஒருத்தர்கிட்ட காட்டுங்க. ஜிஎஸ்டி பில் இல்லன்னா பத்து காசு கொடுக்காதீங்க, எலுமிச்சம்பழம் வச்சாலும் சரி.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சாச்சு. வெடிச்ச டயர் என் டிக்கியிலேயே இருக்கு, 1417 தெளிவா தெரியுது. துவரங்குறிச்சிப் பெரியவர் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கேன், கடலூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன். இதே கடையில இதே மாதிரி டயர் வாங்கினவங்க இருந்தா, கீழ படுத்து உள்பக்கத்தை ஒரு தடவை பார்த்துட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க.